சைக்கிளுக்கு உயிர் இருக்கு, செடிக்கு இல்லை

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. உயிருள்ளவை, உயிரற்றவை பாடம் போகிறது. சைக்கிளுக்கு உயிர் இருக்கிறதாம், ஜன்னலோரம் நிற்கும் செடிக்கு இல்லையாம். பத்துத் தடவை திருத்திவிட்டேன். திருத்தினால் "சரி" என்கிறாள், மறுநாள் பழையபடி அதையே சொல்கிறாள். புத்தகத்தில் இருக்கிற பட்டியலை மனப்பாடம் செய்ய வைத்தால் போதுமா? இல்லை, இந்த வயதில் இதெல்லாம் ஏறாது என்று விட்டுவிடலாமா?

ஜூன் 4, காலை

மனப்பாடம் வேண்டாம். விட்டுவிடவும் வேண்டாம். "ஏன் அப்படிச் சொல்றே?" என்று அவளிடம் கேட்டீர்களா? முதலில் அதைக் கேளுங்கள்.

நான் 14 வருடமாக நாலு முதல் ஆறு வயதுக் குழந்தைகளோடு இருக்கிறேன். இந்தக் கேள்விக்கு அநேகமாக ஒரே பதில்தான் வரும்: "சைக்கிள் ஓடுது, செடி சும்மா நிக்குது." அவளிடம் ஒரு விதி இருக்கிறது. ஓடுவதற்கு உயிர் உண்டு, நிற்பதற்கு இல்லை. அந்த விதிப்படி பார்த்தால் அவளுடைய இரண்டு பதிலும் சரி. நீங்கள் பதிலைத் திருத்துகிறீர்கள், விதி உள்ளே அப்படியே இருக்கிறது. அதனால்தான் மறுநாள் திரும்பி வருகிறது.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே 1920களிலேயே குழந்தைகளிடம் சூரியன், காற்று, சைக்கிள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு இதைப் பதிவு செய்தார். முதலில் ஏதாவது வேலை செய்கிற எல்லாவற்றுக்கும் உயிர் உண்டு என்பார்கள். அப்புறம் நகர்வதற்கு மட்டும். அப்புறம் தானாக நகர்வதற்கு. கடைசியில்தான் விலங்குகளும் செடிகளும் என்று வந்து நிற்பார்கள். உங்கள் மகள் நடுவழியில் இருக்கிறாள்.

"சைக்கிள் தானா ஓடுமா, நீ மிதிக்கணுமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

ஜூன் 4, இரவு

காலையில் அவசரமாக எழுதிவிட்டேன். அந்தக் கடைசி வரியைத் திருத்த வேண்டும். "தானாக ஓடுமா" என்று கேட்டால் சைக்கிள் உயிர்ப் பட்டியலிலிருந்து விழும், சரி. ஆனால் ஆறு தானாக ஓடுகிறது, மேகம் தானாகப் போகிறது. அதைவிட மோசம், செடி இன்னும் அதிகமாக அடிபடும். நீங்கள் காப்பாற்ற நினைத்ததே செடியைத்தான். நகர்வதை வைத்து ஆரம்பித்தால் செடி எப்போதும் தோற்கும். தொட்டாற்சிணுங்கியைக் காட்டினால் அது ஒன்று மட்டும் ஜெயிக்கும், பக்கத்தில் நிற்கிற மரம் தோற்றுப்போகும். இதை நானே ஒரு வருடம் செய்து பார்த்திருக்கிறேன். வருடக் கடைசியில் தொட்டாற்சிணுங்கிக்கு உயிர் உண்டு, மற்ற செடிகளுக்கு இல்லை என்று வகுப்பில் பாதிப் பேர் சொன்னார்கள்.

ஜூன் 6

நகர்வது வேண்டாம் என்றால் வேறு எதை வைத்துச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். புத்தகங்களில் இருக்கிற பட்டியல் எல்லோருக்கும் தெரியும்: சாப்பிடும், சுவாசிக்கும், வளரும், கழிவை வெளியேற்றும், இனம் பெருக்கும், தூண்டினால் பதில் தரும், அசையும். பட்டியலில் தப்பில்லை. ஆனால் ஐந்து வயதுக் குழந்தை அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும், ஒன்றை வைத்து எதையும் நிரூபித்துவிடும். கார் பெட்ரோல் குடிக்கிறது, பின்னால் புகை விடுகிறது. பலூன் வளர்கிறது. கடிகாரம் ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஓடுகிறது.

எனக்கு மறக்கவே மறக்காத ஒரு பையன் உண்டு. ஆறு வயது. மெழுகுவர்த்திச் சுடரைக் காட்டி, "டீச்சர், இதுக்கு உயிர் இருக்கு" என்றான். கிளாஸ் டம்ளரைக் கவிழ்த்து மூடினால் மூச்சு முட்டிச் சாகிறது. மெழுகைத் தின்கிறது. காகிதம் கொடுத்தால் வளர்கிறது. இன்னொரு திரியைக் காட்டினால் குட்டி போடுகிறது. பட்டியலில் பாதிக்கு மேல் முடித்துவிட்டான். நான் "தீக்கு உயிர் கிடையாது" என்று மட்டும் சொல்லி உட்கார வைத்தேன். அவன் முகம் சுருங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றைக்கு அந்த வகுப்பில் உண்மையாக யோசித்தவன் அவன் ஒருவன்தான்.

இப்போது கேட்டிருந்தால் அவனிடம் வேறு மாதிரி பேசியிருப்பேன். "நீ சாப்பிட்டது எங்கே போச்சு? எலும்பாச்சு, நகமாச்சு, போன வருஷச் சட்டை இப்போ பத்தலை. செடி குடிச்ச தண்ணி இலையாச்சு, வேராச்சு. தீ தின்ன மெழுகு எங்கே?" தின்றதை வைத்துத் தீ தனக்கென்று எதையும் கட்டிக்கொள்வதில்லை. உயிர் கட்டிக்கொள்கிறது. உடைந்தால் மறுபடி கட்டவும் பார்க்கிறது.

இதிலிருந்து எனக்கு ஒரு கேள்வி கிடைத்தது. இன்றுவரை நான் நம்பிப் பயன்படுத்துவது அதுதான்: காயம் பட்டால் தானாக ஆறுமா?

முழங்காலில் சிராய்ப்பு இல்லாத ஐந்து வயதுக் குழந்தை இல்லை. கொஞ்ச நாளில் பொருக்கு தட்டி உதிர்ந்துவிடும் என்பது அவர்களுக்கே தெரியும். சைக்கிளில் விழுந்த கீறல் அடுத்த வருடமும் அப்படியேதான் இருக்கும். வெளியே கூட்டிப்போய் கிளை வெட்டிய மரத்தைக் காட்டுங்கள். வெட்டிய இடத்தைச் சுற்றி வளையம் மாதிரி பட்டை தடித்து, கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வரும். விரலால் தடவிப் பார்க்க விடுங்கள். செடிக்கு உயிர் உண்டு என்று நான் பத்துத் தடவை சொல்லி ஏறாதது, அந்த வளையத்தைத் தொட்டதும் ஏறியதைப் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 7

நம் பேச்சையும் ஒரு முறை கவனியுங்கள். "போன் செத்துப்போச்சு." "பேட்டரிக்கு உயிர் இல்லை." "கடிகாரம் ஓடுது." "நிலா நம்மகூடவே வருது." "சூரியன் தூங்கப் போயிடுச்சு." நாள் முழுக்க இப்படிப் பேசிவிட்டு, பாட நேரத்தில் மட்டும் போனுக்கு உயிர் கிடையாது என்கிறோம்.

இலக்கணமும் நமக்கு உதவாது. உயர்திணை, அஃறிணை என்று பிரிக்கிறோம். மனிதர் ஒரு பக்கம், மாடும் மரமும் கல்லும் இன்னொரு பக்கம். கல் கிடக்குது, மாடு கிடக்குது, ஒரே வினைமுற்று. குழந்தையையே "தூங்குது" என்கிறோம். உயிர் இருக்கிறதா இல்லையா என்பதைத் தமிழ் வாக்கியம் காட்டுவதில்லை. அதே சமயம், புல்லும் மரமும் ஓரறிவு உயிர், தொடுவதை மட்டும் அறியும் என்று தொல்காப்பியத்தின் மரபியல் கணக்கு வைத்திருக்கிறது. செடியை உயிர்ப் பட்டியலில் சேர்ப்பது நம் மொழிக்குப் பழைய விஷயம்.

இப்படிப் பேசாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. பேச்சின் அழகே அதுதான். எப்போதாவது ஒரு தடவை நிறுத்தி, "போன் செத்துப்போச்சுன்னு சொன்னேனே, நிஜமாவே செத்துச்சா? சார்ஜ் போட்டா என்ன ஆகும்?" என்று கேளுங்கள். செத்தது திரும்பி வராது என்பது ஒரு பெரிய விஷயம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

போன வருடம் ஒரு சிறுமி கேட்டாள்: "அ, ஆ எல்லாம் உயிரெழுத்துன்னா, அதுக்கு வலிக்குமா?" அழிப்பானால் அழிக்கும்போது கேட்டாள். வலிக்காது என்று சொல்லிவிட்டு, அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 9

மர மேசையை எந்தப் பக்கம் வைப்பது? காய்ந்த இலை? பருத்திச் சட்டை? இரண்டே கட்டங்கள் போட்ட பயிற்சித்தாள்களில் எனக்கு இருக்கிற பெரிய மனக்குறை இதுதான். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில், காய்ந்த இலையைக் கல்லோடு சேர்த்து "உயிரற்றவை" கட்டத்தில் ஒட்டச் சொன்னார்கள். ஒரு குழந்தை மாட்டேன் என்று இலையைக் கைக்குள் மூடிக்கொண்டது. அதற்கு மதிப்பெண் குறைத்தார்கள். அந்தக் குழந்தை செய்தது சரி என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

மூன்று பெட்டி வையுங்கள். உயிர் இருப்பவை. உயிர் இருந்து போனவை. எப்போதுமே உயிர் இல்லாதவை. இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தில் இரண்டாம் வகுப்புக்கு, அதாவது ஆறேழு வயதுக்கு, இந்த மூன்று பிரிவுதான் இருக்கிறது. நான் அதற்குக் கொஞ்சம் முன்பே ஆரம்பித்துவிடுகிறேன். நடுப்பெட்டி வந்ததும் பேச்சே மாறிவிடும். மேசையைக் காட்டி "இது முன்னாடி என்னவா இருந்துச்சு?" என்று கேட்கத் தொடங்குவார்கள். காகிதம், நூல், பென்சில் என்று வகுப்பில் பாதிப் பொருள் நடுப்பெட்டிக்குப் போய்விடும். பென்சில் ஒன்றே போதும்: கட்டை நடுப்பெட்டி, உள்ளே எழுதும் கிராஃபைட் மூன்றாம் பெட்டி. என் வகுப்பில் ஒரு பென்சிலைப் பிளந்து இரண்டு பெட்டியிலும் போட்டார்கள்.

பிளாஸ்டிக்கைப் பற்றி யாராவது கேட்டால், அது பெட்ரோலியத்திலிருந்து வருகிறது, பெட்ரோலியம் ஒரு காலத்தில் கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் என்று நீட்ட வேண்டாம். ஐந்து வயதுக்கு மூன்றாம் பெட்டி போதும்.

ஜூன் 10

இன்று வகுப்பில் விதை வைத்தோம். ஒவ்வொரு வருடமும் செய்வதுதான், ஒரு சின்ன மாற்றத்தோடு. இரண்டு கண்ணாடிக் குடுவை, இரண்டிலும் ஈரப்பஞ்சு. ஒன்றில் பச்சை அவரை விதை எட்டு. இன்னொன்றில், நான் வீட்டில் நன்றாகக் கொதிக்க வைத்து எடுத்த விதை எட்டு, மூன்றாவதாக அதற்குள்ளேயே எட்டுக் கூழாங்கல். வைப்பதற்கு முன்னால் "விதை எந்தப் பெட்டி?" என்று கேட்டேன். இருபது பேரில் மூன்று பேர்தான் உயிர்ப் பெட்டி என்றார்கள். மற்றவர்களுக்கு அது கல் மாதிரிதான். கையில் வைத்துப் பார்த்தால் எனக்கும் கல் மாதிரிதான் இருக்கிறது.

இஸ்ரேலில் உள்ள பழைய மசாடா கோட்டையில் அகழ்ந்தெடுத்த பேரீச்சை விதை ஒன்று ஏறக்குறைய 2000 வருடம் அப்படியே கிடந்து, 2005இல் முளைத்தது. நான் இதைக் குழந்தைகளிடம் சொன்னேன். "அவ்வளவு நாள் அது என்ன பண்ணிட்டு இருந்துச்சு?" என்று ஒருத்தி கேட்டாள். காத்திட்டு இருந்துச்சு என்றேன். வேறு என்ன சொல்ல.

ஜூன் 11

பியாஜே சொன்னதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரியான பேச்சு, நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சூரியன், காற்று என்று யாராலும் தொட்டுப் பார்க்க முடியாததைக் கேட்டால் குழந்தை தடுமாறத்தான் செய்யும். 1988இல் உளவியலாளர்கள் கிறிஸ்டின் மாசியும் ரோஷல் கெல்மனும் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளிடம் அவர்கள் பார்த்தே இராத விலங்குகள், சிலைகள், சக்கரம் வைத்த பொருட்கள் ஆகியவற்றின் படங்களைக் காட்டி, "இது தானா மேட்டுல ஏறி இறங்குமா?" என்று கேட்டார்கள். சிலை விலங்கு மாதிரியே இருந்தாலும் ஏறாது என்று பெரும்பாலும் சரியாகவே சொன்னார்கள். மூன்று வயதிலேயே ஏதோ ஒன்று தெரிகிறது. அதற்குச் சொல் இல்லை, அவ்வளவுதான்.

"உயிர் இருக்கா?" என்று நேராகக் கேட்பதை நான் குறைத்துக்கொண்டது அதனால்தான். ஆறுமா, வளருமா, பசிக்குமா, சாகுமா என்று கேட்டால் அதே குழந்தை நன்றாகப் பதில் சொல்கிறது.

ஜூன் 13

இரண்டு குடுவையிலும் விதைகள் உப்பிவிட்டன. வேகவைத்தவை இன்னும் பெரிதாக. "செத்த விதைதான் நல்லா வளருது!" என்று ஒரே சத்தம். கூழாங்கற்கள் மட்டும் அப்படியே. நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருப்பது சுலபமாக இல்லை.

ஜூன் 16

முளைத்துவிட்டது. பச்சை விதையில் ஆறு. வேர் கீழே திரும்பியிருக்கிறது. ஒரு விதையைத் தலைகீழாக வைத்திருந்தோம், அதன் வேரும் சுற்றி வளைந்து கீழேயே போகிறது. "அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டவன் இதுவரை வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன். வேகவைத்தவை உப்பியதோடு நின்றுவிட்டன. வழவழவென்று ஆகியிருக்கின்றன. உப்புவது வேறு, வளர்வது வேறு என்று நான் சொல்லவே தேவைப்படவில்லை. "அது தண்ணி குடிச்ச பஞ்சு மாதிரிதான்" என்று முடித்துவிட்டார்கள்.

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: மகள் இப்போது செடிக்கு உயிர் உண்டு என்கிறாளாம், ஆனால் வேகமாகக் கேட்டால் "இல்லை" என்று வந்துவிடுகிறதாம். அதற்காகக் கவலைப்படாதீர்கள். 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உயிர் உண்டா இல்லையா என்று சட்டென்று சொல்ல வைத்தபோது, பல்கலைக்கழக உயிரியல் பேராசிரியர்களுக்கே விலங்குகளைவிடச் செடிகளுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்தது. அந்தப் பழைய விதி யாருக்கும் முழுசாக அழிவதில்லை. அதன் மேலே இன்னொன்று வந்து உட்காருகிறது. அவசரமாகக் கேட்காதீர்கள்.

ஜூன் 18

செத்தது திரும்பி வராது என்று ஏழாம் தேதி எழுதினேன். அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், எழுதச் சுலபமாக இல்லை.

வகுப்பில் ஒரு தங்கமீன் வைத்திருந்தோம், எட்டு மாதம். ஒரு திங்கட்கிழமை காலை நான் போகும்போது மிதந்தது. குழந்தைகள் வருவதற்குள் வேறு மீன் வாங்கி விட்டுவிடலாம் என்று உடன் வேலை பார்த்தவர் சொன்னார். எனக்கும் ஒரு நிமிடம் அதுதான் தோன்றியது. அப்புறம் மனசு வரவில்லை. எட்டு மாதம் அதற்கு உயிர் இருக்கிறது, பசிக்கும், தண்ணீர் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, கடைசியில் பேட்டரி மாற்றுவது போல மீனை மாற்றினால் அதுவரை சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும்.

தட்டில் வைத்துக் காட்டினேன். "தூங்குதா?" என்றார்கள். தூக்கம் என்று சொல்லிவிடாதீர்கள், ராத்திரி படுக்கவே பயப்படுவார்கள். "செத்துப்போச்சு. இனிமே அதுக்கு மூச்சு இல்லை, பசி இல்லை, வலி இல்லை, திரும்பி வராது" என்று அதே வார்த்தையில் சொன்னேன். ஒருத்தன் உணவுத்துகளைக் கொண்டுவந்து அதன் வாயருகே வைத்துப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். பிறகு அவனே போய் நடுப்பெட்டியை எடுத்து வந்து என் பக்கத்தில் வைத்தான். நான் அழுதேன், அவர்கள் பார்த்தார்கள், பரவாயில்லை.

மரணம் திரும்பாதது, எல்லா உயிருக்கும் வருவது, அதோடு உடம்பின் வேலைகள் நின்றுவிடுகின்றன என்ற மூன்றும் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் பிடிபடுகின்றன என்று ஸ்பீஸ், பிரென்ட் என்ற ஆய்வாளர்கள் 1984இல் தொகுத்து எழுதினார்கள். இந்தப் பாடம் நடக்கும் வயதும் அதுதான். ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைச் சொல்லித்தர எனக்குத் தெரியவில்லை.

மீன் வளர்ப்பதில் இன்னொரு பலனும் உண்டு. ஜப்பானில் கயோகோ இனகாகி என்ற ஆய்வாளர் 1990இல், வீட்டில் தங்கமீன் வளர்த்த ஐந்தாறு வயதுக் குழந்தைகளையும் வளர்க்காதவர்களையும் ஒப்பிட்டார். வளர்த்தவர்கள், தங்களுக்குப் பழக்கமில்லாத தவளையைப் பற்றிக் கேட்டால்கூட மீனை வைத்து யோசித்துப் பதில் சொன்னார்கள். ஒரு உயிரை நன்றாகத் தெரிந்தால் அடுத்த உயிருக்கு வழி கிடைக்கிறது. பத்து விலங்கின் படத்தை ஒட்டுவதைவிட ஒரு மீனுக்குத் தினமும் தீனி போடுவது மேல் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான். மீன் முடியாதென்றால் ஒரு செடி. அதற்கும் தண்ணீர் ஊற்றும் முறை போட்டுக்கொடுங்கள்.

ஜூன் 20

பேசும் பொம்மை, கேட்டால் பதில் சொல்லும் கருவி: இதற்கு என்ன சொல்வது என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். எனக்கும் இதில் உறுதி குறைவு. "அதுக்கு உயிர் இல்லை, ஆனா அது என் பிரெண்டு" என்று குழந்தைகள் சொல்கிறார்கள். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆறுமா, சாகுமா, பசிக்குமா என்று அதே கேள்விகளைக் கேட்கிறேன். ஒரு குழந்தை கருவியிடமே போய் "உனக்குக் காயம் ஆறுமா?" என்று கேட்டது. அது என்ன சொன்னது என்று எனக்குக் கேட்கவில்லை. குழந்தை திரும்பி வந்து, தன் முழங்காலைக் காட்டி, "எனக்கு ஆறும்" என்றது.

ஜூன் 23

ஒரு கடைசித் திருத்தம். வேகவைத்த விதைக் குடுவையை "செத்தது" என்று நடுப்பெட்டிப் பக்கம் வைத்துவிட்டோம். இன்று பார்த்தால் விதைகளின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை, நடுவில் கறுப்புப் புள்ளிகள். குடுவையை மூடியே வைத்திருங்கள், திறந்து முகர விடாதீர்கள். பூஞ்சைக்கும் உயிர் உண்டு, செத்த விதையைத் தின்று அது வளர்கிறது, தன்னைக் கட்டிக்கொள்கிறது என்று விளக்கினேன். லென்ஸ் வைத்து எல்லோரும் பார்த்தார்கள்.

வாயே திறக்காமல் இருந்த அந்தப் பையன் குடுவையைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்று பெட்டிக்கும் முன்னால் நின்றான். உள்ளே பூஞ்சை, அதற்கு உயிர் இருக்கிறது. விதை, உயிர் இருந்து போனது. கூழாங்கல், எப்போதுமே இல்லாதது. குடுவையும் கண்ணாடி. எதில் வைப்பது என்று என்னைக் கேட்டான். நீயே சொல் என்றேன். மூன்று பெட்டியையும் நெருக்கித் தள்ளி ஒட்ட வைத்துவிட்டு, குடுவையை மேலே நடுவில் வைத்தான்.